உள்ளங்கையில் அரிக்காத தடிப்பு: எனக்கு நடந்தது, உங்களுக்கு?

முதுநகர்க்காரன்:
கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை எனக்கு. போன மழைக்காலத்தில் இரண்டு உள்ளங்கையிலும் பயறு அளவுக்குச் செம்பு நிறத்தில் புள்ளிகள் வந்தன. சிலவற்றைச் சுற்றி மட்டும் தோல் லேசாக உரிந்து வெள்ளை வளையம் மாதிரி நின்றது. அரிப்பு துளியும் இல்லை. கெமிக்கல் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு கட்டிக் கையுறையை மாற்றினேன், அம்மா வேப்பிலை அரைத்துப் பூசினார், மருந்துக்கடையில் கையை நீட்டியதும் ஒரு டியூப் கிடைத்தது. அது ஸ்டீராய்டு கலந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு மாதத்தில் புள்ளிகள் மங்கிவிட்டன. க்ரீமின் மகிமை என்று நம்பி, தொடையில் அரிப்பு என்று சொன்ன நண்பனுக்கும் அதையே சிபாரிசு செய்தேன்!

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தது. இந்த முறை முதுகிலும் வந்தது, தலையில் அங்கங்கே பூச்சி அரித்த மாதிரி முடியும் கொட்டியது. மஞ்சக்குப்பத்தில் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று பஸ் ஏறிப் பாண்டிக்குப் போய் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். கையைப் பார்த்ததும் “செருப்பைக் கழற்றுங்க” என்றார். உள்ளங்காலிலும் அதே புள்ளிகள், நான் கவனிக்கவே இல்லை. அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, நாலைந்து மாதம் முன்னால் ஆணுறுப்பில் வலிக்காத புண் ஏதும் வந்ததா என்று கேட்டார். வந்தது. ஓரம் கெட்டியாக ஒரே ஒரு புண், மூன்று வாரத்தில் தானாக ஆறியது, வலிக்காததால் மறந்தே போனேன். ஊரில் மேகநோய் என்பார்களே, உடலுறவில் தொற்றும் அந்த சிபிலிஸ்தான்.

சிபிலிஸுக்கு இரண்டு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள்: வி.டி.ஆர்.எல். அளவு 1:64, டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ். எச்.ஐ.வி. நெகட்டிவ், ஆனாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். பென்சிலின் 12 லட்சம் யூனிட் ஊசி, இடுப்பில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பால் மாதிரி கெட்டியான மருந்து, உள்ளே இறங்கும்போது உயிர் போகிறது. அன்று ராத்திரி குளிர்க்காய்ச்சல் தூக்கிப் போட்டது. கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது அப்படி வரும், பாராசிட்டமால் போதும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பிழைத்தேன், இல்லாவிட்டால் ஊசி அலர்ஜி என்று ஊரைக் கூட்டியிருப்பேன்.

ஆறு மாதத்தில் வி.டி.ஆர்.எல். 1:8 ஆக இறங்கியது. என்னோடு உறவில் இருந்தவரிடம் போனில் சொல்லிப் பரிசோதனைக்கு அனுப்பியதுதான் ஊசியைவிட வலித்தது.

முத்தியால்பேட்டை அக்கா:
தம்பி, எனக்கு ஒரு தடிப்பும் வரவில்லை. மூன்றாம் மாதக் கர்ப்பத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. என் வீட்டுக்காரருக்கு முந்தைய வருடம் நெஞ்செல்லாம் சிவந்து கிடந்தது, வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டார், அதுவும் தானாகப் போய்விட்டது. எப்போது தொற்றியது என்று சரியாகத் தெரியாததால் எனக்கு வாரம் ஒரு முறை மூன்று வாரம் ஊசி, அவருக்கும் போட வைத்தார்கள். பிள்ளை பிறந்ததும் அவனுக்கும் ரத்தம் பார்த்தார்கள். இப்போது ஒன்றரை வயது, வீட்டையே தலைகீழாக்குகிறான். வீட்டுக்காரரோடு எத்தனை நாள் பேசவில்லை என்பதை இங்கே எழுத வேண்டாம்.

சில்வர் பீச் ராஜா:
அண்ணா, எனக்குப் பென்சிலின் ஆகாது. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, 14 நாள் கொடுத்தார்கள். அரசு ஆஸ்பத்திரி பால்வினை நோய்ப் பிரிவில் காசே வாங்கவில்லை. கேள்வி என்னவென்றால், எல்லாம் முடிந்த பிறகும் டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ் என்றே வருகிறது. வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கல் செக்கப்புக்குப் போக பயமாக இருக்கிறது.

முதுநகர்க்காரன்:
ராஜா, அது பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவ்தான், நோய் பாக்கி இருக்கிறது என்று அர்த்தமில்லை. வி.டி.ஆர்.எல். அளவு இறங்குகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். சிகிச்சைச் சீட்டைப் பத்திரமாக வை, மெடிக்கலில் காட்ட உதவும். அக்கா மாதிரி கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த மாத்திரை சாப்பிடலாமா என்று யாருக்காவது சந்தேகம் வந்தால், கர்ப்பிணிகளுக்கு டாக்ஸிசைக்ளின் கூடாது, அவர்களுக்குப் பென்சிலின்தான்.

அந்த நண்பன் என்ன ஆனான் என்று உள்பெட்டியில் கேட்டிருந்தீர்கள். அவனுக்கு வெறும் படர்தாமரை. என் டியூபைத் தடவித் தடவி அது இடுப்பைச் சுற்றி வந்துவிட்டது, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டான். இன்னும் என்னைப் பார்த்தால் “வாங்க டாக்டர்” என்கிறான்.