புதுப்பிப்பு: கோத்தகிரில இருந்து சைக்கோடைனமிக் தெரபி, ஆள் கிடைச்சாச்சு

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. புதுசா படிக்கறவங்களுக்கு: ஆபீஸ்ல மேல இருக்கறவங்க யாராச்சும் குரல உயர்த்துனா எனக்கு வாயே அடைச்சுப் போயிரும், சிபிடி-ல (நினைப்பையும் பழக்கத்தையும் மாத்தப் பழகுற தெரபி) எழுதி எழுதி ஓரளவு சமாளிச்சேன் ஆனா இது எங்கிருந்து வருதுன்னு பிடிபடல, அதான் சைக்கோடைனமிக், அதாவது மனசோட அடில இருக்கறதத் தேடிப் பாக்கற, ஃப்ராய்டுங்கற டாக்டர் வழில வந்த தெரபி மலை மேல இருந்துக்கிட்டே கிடைக்குமான்னு கேட்டிருந்தேன்.

வேலைக்கு ஆனது ஒரு அக்கா சொன்னதுதான்: ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கான்னு பாருங்க, முதல் பேச்சுலயே எந்த முறைன்னு நேராக் கேளுங்க. கோயம்புத்தூர்ல ஒருத்தங்க, ஆன்லைன். வாரம் ஒருக்கா, அதே கிழமை, அதே நேரம், 50 நிமிஷம். மழைல வீடியோ நின்னு நின்னு வந்துச்சு, இங்க ஒருத்தர் சொன்னபடி வெறும் ஆடியோவுக்கு மாறிட்டோம் (ஃப்ராய்டே பேஷன்ட் கண்ணுல படாம தலைமாட்டுல உக்காந்தவர்தானே!). ஹோம்வொர்க் கிடையாது, மனசுல வர்றத அப்படியே சொல்லணும், அவங்க ரொம்பக் கம்மியாத்தான் பேசுவாங்க.

எதிர்பாக்காதது, அவங்க லீவு சொன்னப்ப எனக்கு வந்த கோவம். அடுத்த செஷன்ல உம்முன்னு இருந்தேன், அவங்க அதையே பேச்சா எடுக்க, சின்ன வயசுல அப்பாகிட்ட இருந்த அதே மௌனம்னு மெல்ல வெளிய வந்துச்சு. பழைய உறவுல இருந்த உணர்ச்சி இப்படி தெரபிஸ்ட் மேல திரும்பறதுக்குத்தான் டிரான்ஸ்ஃபரன்ஸ்னு பேராம். 1905-ல வெளியிட்ட டோரா கேஸ்ல (டோரா, அவர் பேஷன்ட் ஒருத்திக்கு வச்ச புனைபேர்) இத உரிய நேரத்துல கவனிக்காம விட்டுட்டேன்னு ஃப்ராய்டே எழுதியிருக்கார், அந்தப் பொண்ணு சிகிச்சைய பாதிலயே நிறுத்திருச்சு.

ஆபீஸ்ல இப்ப ரெண்டு வார்த்தையாவது திருப்பிப் பேச முடியுது. தூக்கம்தான் இன்னும் சரியாகல. ஆள் தேடுற நேரத்துல ரொம்ப முடியலன்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசு மனநல ஹெல்ப்லைன், இலவசம், தமிழ்லயே பேசலாம்.