புதுப் பற்றரி போட்டாலும் ‘பற்றரியை மாற்றவும்’ என்கிறது: பழைய சின்னக் கமரா

வெள்ளவத்தைவாசி:
வணக்கம். அப்பா 2007 அளவில் வாங்கிய சின்ன டிஜிட்டல் கமரா ஒன்று அலுமாரிக்குள் கிடந்தது, இரண்டு ஏஏ பற்றரியில் ஓடுகிற வகை. ஆடிவேல் தேர்த் திருவிழாவுக்கு இதைத்தான் கொண்டுபோக வேண்டும் என்று தங்கச்சி ஒற்றைக்காலில் நிற்கிறாள். சந்திக் கடையில் வாங்கிய புதுப் பற்றரி போட்டால் லென்ஸ் வெளியே வருகிறது, இரண்டு மூன்று படம் எடுக்கிறது, ஃபிளாஷ் அடித்ததும் ‘பற்றரியை மாற்றவும்’ என்று காட்டி அணைந்துவிடுகிறது, சில நேரம் லென்ஸ் உள்ளே போகாமல் பாதியிலேயே நிற்கிறது. அதே பற்றரியைச் சுவர் மணிக்கூட்டில் போட்டால் நன்றாக ஓடுகிறது. புறக்கோட்டையில் வாங்கிய 64 ஜிபி கார்டுக்கு ‘கார்ட் பிழை’ என்கிறது, பழைய 2 ஜிபி கார்ட் வேலை செய்கிறது. பற்றரி மாற்றும்போதெல்லாம் திகதியும் கேட்கிறது. திருத்தக் கொண்டுபோன இடத்தில் போர்ட் (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை) போய்விட்டது என்கிறார்கள். உண்மையாகவே போய்விட்டதா?

கமராப்பெட்டி:
தம்பி, போர்ட் போயிருந்தால் இரண்டு மூன்று படம்கூட எடுத்திருக்காது. இது பற்றரிப் பிரச்சினைதான். மணிக்கூட்டுக்கு ஒரு மில்லிஆம்பியர்கூட வேண்டாம், ஆனால் கமரா லென்ஸை நீட்டும்போதும் ஃபிளாஷை நிரப்பும்போதும் ஓர் ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அந்த நேரத்தில் சாதாரணப் பற்றரியின் வோல்ட் சட்டென்று விழுந்துவிடும், கமராவும் பற்றரி தீர்ந்தது என்று நினைத்து நின்றுவிடும். அல்கலைன் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் நீங்கள் வாங்க வேண்டியது சார்ஜ் பண்ணக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைட், கொள்ளளவு 2000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர் மணி) அளவில். அதில் 1.2 வோல்ட் என்றுதான் போட்டிருக்கும், பயப்படாதீர்கள், 1.5 போட்ட பற்றரியைவிட அதுதான் இந்தச் சுமையைத் தாங்கும். இரண்டையும் ஒன்றாகச் சார்ஜ் பண்ணுங்கள், பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம்.

அதற்கு முதல் பற்றரி மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் உலோகத் தகடுகளை வெளிச்சத்தில் வடிவாகப் பாருங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்குப் பல வருடம் கிடந்த சாமான், பச்சையாகவோ மங்கலாகவோ ஒரு படை இருக்கும். பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். மூடியில் இருக்கும் தகட்டை மறக்க வேண்டாம், எல்லோரும் உள்ளே மட்டும்தான் துடைப்பார்கள். பாதியில் நின்ற லென்ஸைக் கையால் தள்ளவே கூடாது, நல்ல பற்றரி போட்டுத் திரும்ப ஓன் பண்ணினால் பெரும்பாலும் தானாக உள்ளே போகும்.

திகதிக்கு உள்ளே தனியாக ஒரு சின்ன நாணயப் பற்றரி இருக்கும், பல மொடல்களில் பற்றரி அறையின் ஓரத்தில் சின்னத் தட்டு மாதிரி இழுக்கலாம். அது தெரியாவிட்டால், சார்ஜ் ஆன பற்றரியை ஒரு நாள் உள்ளேயே விட்டுப் பாருங்கள், சில கமராக்களில் அது தானாக நிரம்பும்.

கொட்டாஞ்சேனை அக்கா:
கார்ட் விஷயம் மட்டும் சொல்கிறேன். 64 ஜிபி என்றால் அது எஸ்டிஎக்ஸ்சி என்ற கார்ட் வகை, அந்த முறையே 2009 இல்தான் வந்தது, உங்கள் கமராவுக்கு அது தெரியாது. 4 முதல் 32 ஜிபி வரை அதற்கு முந்திய எஸ்டிஎச்சி வகை, 2007 கமராக்களில் பலதும் அதை ஏற்கும், ஆனால் கையேட்டில் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி கிடைத்தால் வாங்கிக் கமராவிலேயே ஃபோர்மட் பண்ணுங்கள். அப்பா எடுத்த படங்கள் அந்த 2 ஜிபியில் இருந்தால் முதலில் கணினிக்கு மாற்றுங்கள் தம்பி, மற்றதெல்லாம் பிறகு.

வெள்ளவத்தைவாசி:
மூடித் தகட்டில்தான் பச்சை இருந்தது! சார்ஜ் பற்றரியில் இப்போது நிற்காமல் எடுக்கிறது. அப்பாவின் படங்களையும் மாற்றிவிட்டேன், மிக்க நன்றி அக்கா. இரவில் எடுத்தால் எல்லாம் ஆடிப்போய் வருகிறது, தேருக்கு ஃபிளாஷ் போடலாமா?

கமராப்பெட்டி:
வேண்டாம், அந்தச் சின்ன ஃபிளாஷ் மூன்று மீற்றருக்கு மேல் எட்டாது, முன்னால் நிற்பவரின் தலைதான் வெள்ளையாகும். ஃபிளாஷை நிறுத்தி, ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன்) 400 இல் வைத்து, வெளிச்ச அளவை மைனஸ் பக்கம் இரண்டு படி இறக்குங்கள், தேரின் மின்குமிழ்கள் வெளுக்காமல் நிறத்தோடு வரும், ஷட்டரும் வேகமாகும். உடம்பை ஒரு தூணிலோ மதிலிலோ சாய்த்துக்கொண்டு, தேர் நிற்கிற நேரத்தில் அமத்துங்கள்.