மூச்சைக் கோடாக வரைகிறேன், இது தியானமா கிறுக்கலா?

நைட்ஷிஃப்ட் எடிட்டர்:
ஒரு செய்தி சேனலில் ஆறு வருடமாக வீடியோ எடிட்டர். விபத்து, தீ, பிணவறை வாசல் என்று களத்திலிருந்து வருவதை முழுசாகப் பார்த்து, காட்டக்கூடாததை வெட்டி எடுப்பதுதான் பாதி வேலை. வெட்டியது டிவியில் வராது, எனக்குள் தங்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்து படுத்தால் யாரோ அழுத சத்தம் திரும்பத் திரும்ப ஓடும். மேலதிகாரியிடம் சொன்னேன், பழகிவிடும் என்றார்.

ஆனாபானசதி, அதாவது மூச்சைக் கவனிக்கும் பௌத்தத் தியானம், செய்து பார் என்றான் நண்பன். உட்கார்ந்தால் இரண்டு நிமிடம் தாண்டவில்லை. அப்புறம் நானாக ஒன்று செய்தேன்: பழைய நோட்டில் பென்சிலை வைத்து, மூச்சு உள்ளே போனால் கோடு மேலே, வெளியே வந்தால் கீழே, டைம்லைனில் ஆடியோ அலை தெரியுமே அது மாதிரி. 15 நிமிடம் போவதே தெரியவில்லை. ஆனால் கோடு அழகாக வர வேண்டும் என்பதற்காக மூச்சை நானே இழுத்து விடுகிறேனோ என்று சந்தேகம்.

கடைசல் பட்டறை:
சந்தேகம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. புத்தரின் உரைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயத்தில் 118-வதாக வரும் ஆனாபானசதி சூத்திரத்தில் 16 படிகள் உண்டு. முதல் இரண்டில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, நீள மூச்சு என்றால் நீளம் என்று தெரிந்துகொள்வது, குட்டை என்றால் குட்டை, அவ்வளவுதான். உடலை அமைதியாக்குவது நான்காவது படியில்தான் வருகிறது. நாம் எல்லோரும் நேராக அங்கே தாவப் பார்க்கிறோம். பிராணாயாமத்தில் மூச்சை நாம் நடத்துகிறோம், இதில் அதன் பாட்டுக்கு விட்டுவிட்டுப் பார்க்கிறோம்.

அதே தொகுப்பில் உள்ள சதிபட்டான சூத்திரத்தில் இதற்கு ஓர் உவமை உண்டு, எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் எங்கள் குடும்பத் தொழில் அது. தேர்ந்த கடைசல்காரர் நீளமாக இழுக்கும்போது நீளமாக இழுக்கிறேன் என்று அறிகிறார், குட்டையாக என்றால் குட்டையாக என்று. அப்பா கட்டில் கால் கடையும்போது பார்த்திருக்கிறேன், உளி மரத்தைத் தொடும் இடத்தைவிட்டுக் கண் நகராது. நோட்டைப் பார்க்காமல் வரைந்து பாருங்கள். கை மூச்சுக்குப் பின்னால் போகட்டும், முன்னால் போனால் நீங்கள் ஓட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

மொட்டைமாடி:
கோயங்கா முறை விபஸ்ஸனா தியானத்துக்குப் பத்து நாள் முகாம் போயிருக்கிறேன். பேனா, புத்தகம், போன் எதுவும் கூடாது, முதல் மூன்று நாள் மூக்கு வாசலில் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். அங்கே பழகியவர்கள் உங்கள் பென்சிலை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது முகாமின் ஒழுங்கு, வீட்டில் நீங்கள் பென்சில் பிடிப்பதில் தப்பில்லை என்பேன்.

ஒன்று மட்டும், எங்கேயும் போஸ்ட் பண்ணாதீர்கள். நான் மாடியில் உட்கார்ந்து மூச்சோடு சேர்த்து மழைச் சத்தம், காக்காச் சத்தம் எல்லாம் போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன், நன்றாகத்தான் போனது. ரீல்ஸ் போட ஆரம்பித்ததும் மூச்சை விட்டுவிட்டு லைக் எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

வார்டு அக்கா:
தம்பி, மூச்சைக் கவனித்தால் சிலருக்குப் படபடப்பு கூடும். அப்படி வந்தால் பிடிவாதமாக உட்காராதே, பாதம் தரையில் படுவதைக் கவனி, ஃபேன் சத்தத்தைக் கேள். வேலையிலும் கொஞ்சம் மாற்று: முதல் தடவை பார்க்கும்போது ஒலியை அணைத்துவிடு, திரையைச் சின்னதாக்கு. ராத்திரி ஓடுவது படமா சத்தமா? நீ சத்தம் என்றுதானே எழுதியிருக்கிறாய். தூக்கம் வராமல் வாரக்கணக்கில் போனால் நோட்டும் பென்சிலும் போதாது, அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416-க்குக் கூப்பிடு, தமிழிலேயே பேசலாம்.

நைட்ஷிஃப்ட் எடிட்டர்:
அக்கா, நேற்று ஒலியை அணைத்துத்தான் பார்த்தேன், பேட்டி வரும் இடத்தில் மட்டும் திறந்தேன். இத்தனை வருடம் தோன்றவே இல்லை.

பட்டறைக்காரரே, கண்ணை மூடி வரைந்ததில் கோடு நோட்டைத் தாண்டி மேஜைக்குப் போய்விட்டது. நடுவில் மூன்று இடத்தில் பென்சில் நின்று புள்ளி அழுந்தியிருக்கிறது. அங்கெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன், அப்போது தெரியவே இல்லை.