கயிறு இழுத்த பையனின் நம்பரை எழுதிக்கொண்டார்கள்: ஜப்பானியக் கம்பெனி அனுபவங்கள்

லைன்சைடு:

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் சீட் சப்ளையர், ஜப்பானிய முதலீடு. பெயர் வேண்டாம். ஆண்டான் என்பது, கோளாறு தெரிந்தால் ஆபரேட்டர் கயிற்றை இழுத்து, விளக்காலும் பாட்டாலும் டீம் லீடரைக் கூப்பிடும் ஏற்பாடு; ஸ்டேஷன் முடியும் கோட்டுக்குள் தீராவிட்டால் லைன் நின்றுவிடும். நேரே விஷயத்துக்கு வருகிறேன். செகண்ட் ஷிப்ட், சீட் பெல்ட் பக்கிள் போல்ட் ஸ்டேஷன். பையன் காண்ட்ராக்ட், சேர்ந்து மூன்றாவது வாரம். போல்ட்டைக் கையால் இரண்டு சுற்று ஏற்றிவிட்டுத்தான் நட் ரன்னரை (போல்ட்டை முடுக்கும் மெஷின்) வைக்க வேண்டும். அன்று முதல் சுற்றே கைக்கு இறுக்கமாக வந்தது. கயிற்றை இழுத்தான். மஞ்சள் விளக்கு, பாட்டு. டீம் லீடர் வரவில்லை. சீட் ஸ்டேஷன் கோட்டைத் தொட்டதும் சிவப்பு எரிந்து லைன் நின்றது.

ஓடி வந்தவர் ஜப்பானிய அட்வைசர். போல்ட்டைக் கழற்றி மரையை நகத்தால் தடவிப் பார்த்தார். பையனைப் பார்த்துத் தலை குனிந்து "அரிகாதோ", நன்றி, என்றார். நான்கு நிமிடத்தில் லைன் ஓடியது. அவர் அந்தப் பக்கம் போனதும் சூப்பர்வைசர் லாஸ் டைம் ரிஜிஸ்டரை எடுத்து, "காரணம்" என்ற கட்டத்தில் பையனின் டோக்கன் நம்பரை எழுதினார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த ஸ்டேஷனில் ஒரு இழுப்புகூட இல்லை. மூன்று வாரமும் எல்லா போல்ட்டும் ஒழுங்காக ஏறியிருக்குமா? அதுதான் உறுத்துகிறது.

டூல்ரூம்:

ஏறியிருக்காது. நட் ரன்னர் பச்சை காட்டியிருக்கும், அவ்வளவுதான். கிராஸ் திரெட் ஆன, அதாவது மரையில் கோணலாக ஏறிய போல்ட் பாதியிலேயே சிக்கி நிற்கும். அந்த உராய்வே டார்க்கை (முறுக்கு விசையை) காட்டிவிடும், மெஷின் "ஓகே" சொல்லும். ஆனால் போல்ட் தலை பிளேட்டில் உட்கார்ந்திருக்காது, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் விசை இருக்காது. டார்க்கோடு சுற்றின கோணத்தையும் சேர்த்துப் பார்க்கிற கண்ட்ரோலர் என்றால் பிடிக்கும்: டார்க் சீக்கிரம் வந்துவிட்டது, கோணம் குறைவு, சிவப்பு. கோணத்தின் கீழ் எல்லையை சும்மா பூஜ்யத்தில் விட்டு வைத்திருக்கும் லைன்கள் நிறைய. முதலில் அதைப் பாருங்கள்.

இன்னொன்று, போல்ட்டை மட்டும் சந்தேகப்படாதீர்கள். ஃபிரேமில் பற்றவைத்த வெல்ட் நட் இருக்கும். அதன் மரைக்குள் வெல்டிங்கில் தெறிக்கும் ஸ்பாட்டர் ஒரு துளி ஒட்டியிருந்தால் கைக்கு இப்படித்தான் வரும்.

பி ஷிப்ட்:

லைன்சைடு, சூப்பர்வைசரைக் கெட்டவராக்கி முடித்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது: டீம் லீடர் வரவில்லை. ஏன் வரவில்லை? அவரிடம் எத்தனை பேர்?

அமெரிக்காவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய தொழிற்சாலையை டொயோட்டா அவர்களோடு கூட்டாக 1984இல் நும்மி என்று திறந்தது. ஆட்களில் பெரும்பாலானோர் பழைய ஆலையின் தொழிலாளர்கள், சங்கமும் அதே யுஏடபிள்யூ, அமெரிக்க கார் தொழிலாளர் சங்கம். அந்தப் பழைய ஆலை, ஆள் வராமைக்கும் சண்டைக்கும் பெயர் போனது. மாறியது கயிறு மட்டும் இல்லை. டீம் லீடர்களை ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டாவின் டகாவோகா ஆலை லைனில் நிற்க வைத்துப் பழக்கினார்கள். ஐந்தாறு பேருக்கு ஒரு லீடர், அவர் கையில் நிரந்தர ஸ்டேஷன் கிடையாது. கயிறு இழுபட்டால் போவதுதான் அவர் வேலை.

நம் பக்கத்தில் இருபது பேருக்கு ஒரு லீடர். அதிலும் இரண்டு பேர் லீவு என்றால் லீடரே ஒரு ஸ்டேஷனில் நிற்பார். டாக்ட் (ஒரு சீட்டுக்கு ஒரு ஸ்டேஷனில் கிடைக்கும் நேரம்) ஒரு நிமிடம் என்றால், இழுத்த இடத்திலிருந்து கோடு வரை மிஞ்சுவது இருபது முப்பது நொடி. அவர் எப்படி வருவார்? லைன் நிற்கும். நின்றால் மேலே இருந்து கேள்வி வரும், கேள்விக்கு ஒரு நம்பர் வேண்டும். டோக்கன் நம்பர் எழுதப்பட்டது அப்படித்தான்.

தரப்பிரிவு:

பி ஷிப்ட் சொல்வது சரி, ஆனால் பாதி. ஆள் கணக்கைச் சரிசெய்யும்வரை கஸ்டமர் காத்திருக்க மாட்டார். இந்த சீட்டில் ஒன்று கார் லைனில் சிக்கினால் என்ன நடக்கும் என்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கம்ப்ளெயின்ட் வந்த அன்றே, கார் கம்பெனி ஸ்டாக், வழியில் இருக்கும் லாரி, நம் டிஸ்பாட்ச், லைனில் பாதி முடிந்தது, இந்த நான்கு இடத்திலும் சரக்கை எண்ணி நிறுத்த வேண்டும். வழியில் இருக்கும் லாரியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். நூறு சதவீதம் சார்ட்டிங், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிப்பது. சரிபார்த்த ஒவ்வொன்றிலும் பெயிண்ட் மார்க். எந்த நிறம், எந்த இடம் என்பதைக் கஸ்டமருக்கு எழுதிக்கொடுத்த பிறகே மார்க் போட வேண்டும். முந்தைய வாரத்தின் மார்க்கும் அதே நிறம் என்றால் செய்த வேலை அத்தனையும் வீண்.

பிறகு ரிப்போர்ட். ஜப்பானிய கஸ்டமர் இரண்டு காரணம் கேட்பார்: தவறு ஏன் உண்டானது, அது ஏன் வெளியே போனது. இரண்டுக்கும் தனித்தனி வொய்-வொய், அதாவது "ஏன், ஏன்" என்று அடுக்கிக் கேட்டு மூலக் காரணம் வரை போவது. நம் ஆட்கள் இரண்டையும் குழப்பி, "ஆபரேட்டர் கவனக்குறைவு, மறுபயிற்சி தரப்பட்டது" என்று முடிப்பார்கள். அது அப்படியே திரும்பி வரும். கவனக்குறைவு என்பது அவர்களுக்குக் காரணமே இல்லை. கவனம் தப்பினாலும் தவறு நடக்காதபடி ஜிக்கோ (பொருளைச் சரியாகப் பிடித்து வைக்கும் அமைப்பு) சென்சாரோ ஏன் இல்லை என்பதுதான் அடுத்த "ஏன்". மறுபயிற்சி என்று எழுதுங்கள், ஆனால் தற்காலிக நடவடிக்கைக் கட்டத்தில் எழுதுங்கள். நிரந்தரக் கட்டத்தில் கோண எல்லை, மரை சோதிக்கும் கேஜ், வெல்ட் டிப் (வெல்டிங் மெஷினின் தேயும் முனை) மாற்றும் இடைவெளி போன்றவைதான் வர வேண்டும். கடைசியில் யோகோடென், மற்ற இடங்களுக்கும் பரப்புவது: இதே போல்ட் வேறு எந்த மாடலில், எந்த லைனில் இருக்கிறது, அங்கேயும் செய்தாயிற்றா. அந்தப் பக்கம் காலியாகப் போனால் மீட்டிங் அங்கேயே நின்றுவிடும்.

மாற்றம் எதுவாக இருந்தாலும், ஆள், மெஷின், பொருள், முறை நான்கில் எதைத் தொட்டாலும், கஸ்டமருக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மாற்றியது பின்னால் தெரிந்தால், டிஃபெக்டைவிட அதற்குத்தான் கோபம் அதிகம்.

துபாஷி:

தரப்பிரிவு சார், ரிப்போர்ட் திரும்பி வந்தால்கூட நல்லது, எங்கே தவறு என்று தெரியும். திரும்பி வராமல் போவதுதான் பிரச்சினை. ஒரு விலை மீட்டிங். ஸ்டீல் விலை ஏறியதற்கு நம் பக்கம் உயர்வு கேட்டது. எதிரே இருந்தவர் பற்களுக்கிடையே மூச்சை உள்ளே இழுத்து, "சொத்தோ முசுகாஷீ" என்றார். சொல்லுக்குச் சொல் தமிழில் "கொஞ்சம் கஷ்டம்". மொழிபெயர்ப்பும் அப்படியே போனது. நம் மேனேஜர் "கொஞ்சம்தானே, பேசினால் படியும்" என்று இன்னும் அரை மணி நேரம் பேசினார். அது "முடியாது" என்ற பதில். மூச்சு இழுத்த நொடியிலேயே அது முடிந்துவிட்டது.

"கென்தோ ஷிமாசு", பரிசீலிக்கிறோம், என்பதும் தேதி இல்லாமல் வந்தால் பெரும்பாலும் அதேதான். தேதியும் பொறுப்பாளர் பெயரும் சேர்ந்து வந்தால் உண்மையிலேயே பரிசீலிப்பார்கள். அப்போது ரிங்கிஷோ என்ற ஒப்புதல் தாள் சுற்றுக்குப் போகும், ஒவ்வொரு துறையும் முத்திரை வைக்கும். மீட்டிங்கில் வாதாடி ஜெயிக்க முடியாது. முத்திரை வைக்கப்போகிறவர்களை முன்பே தனித்தனியாகப் பார்த்துப் பேசி வைக்க வேண்டும், அதற்குத்தான் நெமவாஷி என்று பெயர். அட்வைசர்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டில் மாறுவார்கள். போகிறவர் வாயால் ஒப்புக்கொண்டது, ஒப்படைப்புக் குறிப்பில் இல்லை என்றால் வருகிறவருக்கு அது நடக்காத விஷயம். மீட்டிங் குறிப்பை அன்றே இரு மொழியிலும் அனுப்பி, "சரி" என்று ஒரு வரி பதில் வாங்கி வையுங்கள்.

கணக்கர்:

காகிதத்தில் வாங்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம் துபாஷி. என்டிடி டோகோமோ 2009இல் டாடா டெலிசர்வீசஸில் சுமார் 26.5 சதவீதம் வாங்கியது. இலக்கு எட்டாவிட்டால் வெளியேறலாம், நியாய மதிப்போ வாங்கிய விலையில் பாதியோ, எது அதிகமோ அது கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது. 2014இல் அந்த உரிமையைக் கேட்டார்கள். பாதி விலை என்றால் பங்குக்கு 58 ரூபாய்க்கு மேல். ரிசர்வ் வங்கி விதியோ, முன்பே நிர்ணயித்த விலையில் வெளிநாட்டு முதலீட்டாளர் வெளியேற விடாது. அன்றைய மதிப்பு 23.34 ரூபாய்தான். லண்டன் நடுவர் மன்றம் 2016இல் 117 கோடி டாலர் தரச் சொன்னது, டெல்லி உயர்நீதிமன்றம் 2017 ஏப்ரலில் சமரசத்தை ஏற்றது. ஒரு ஷரத்துக்கு மூன்று ஆண்டு! உள்ளூர் சட்டம் அனுமதிக்காத ஷரத்தை எத்தனை நேர்த்தியாக எழுதினாலும் இதுதான் கதி.

பி ஷிப்ட்:

நாம் போல்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். காண்ட்ராக்ட் பையனுக்கு டோகோமோ எதற்கு?

தரப்பிரிவு சார், உங்கள் ரிப்போர்ட் முழுவதிலும் ஆள் இல்லை. கவனக்குறைவு காரணம் இல்லை என்கிறீர்கள், சரி. ஆனால் கைக்கு இறுக்கமாக வருகிறது என்று கண்டுபிடித்தது சென்சார் இல்லை, மூன்று வாரப் பையன். அவன் மறுபடி இழுக்க என்ன செய்வது என்று எந்தக் கட்டத்திலும் இல்லை. ரிஜிஸ்டரில் டோக்கன் நம்பர் கட்டத்தை அடித்துவிட்டு மூன்று கட்டம் போடுங்கள்: எந்த ஸ்டேஷன், தரையில் எந்த மார்க்கில் இழுத்தது, லீடர் எத்தனை நொடியில் வந்தார். அதை லைன் முனையில் எல்லோரும் பார்க்க ஒட்டுங்கள். இழுப்பு குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், போய்ப் பாருங்கள்.

தரப்பிரிவு:

ஒப்புக்கொள்கிறேன். வெளியே போன காரணத்தின் வொய்-வொய்யில் அது வர வேண்டும்: இழுப்பு ஏன் நின்றது.

லைன்சைடு:

டூல்ரூம் சொன்னதைக் கேட்டு விசாரித்தாயிற்று. அந்த வாரம் வெல்ட் ஷாப்பில் டிப் மாற்றும் இடைவெளியை நீட்டியிருக்கிறார்கள், செலவு குறைக்க. கஸ்டமருக்குத் தெரிவிக்கவில்லை. ஸ்டாக்கில் இருந்த ஃபிரேமில் நாற்பதை எடுத்து கேஜ் விட்டதில் இரண்டு நட்டில் உள்ளே போகவில்லை. கண்ட்ரோலரில் கோண எல்லை பூஜ்யம்தான், ஆனால் ஒவ்வொரு போல்ட்டின் டார்க்-கோண வளைவு பதிவாகிறது.

டூல்ரூம்:

பதிவு நிறைந்தால் பழையதை அழித்துக்கொண்டே போகும் அந்த கண்ட்ரோலர். இன்று ராத்திரியே பென் டிரைவில் இறக்கிவிடுங்கள், முதல் ஷிப்ட் தொடங்குவதற்குள். கோணம் குறைவாக நின்றவற்றின் சீரியல் நம்பரை மட்டும் பிரியுங்கள், லாரிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

லைன்சைடு:

இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். பதினெட்டு நாள் இருக்கிறது, முதல் மூன்று நாள் போய்விட்டது.