மெல்பர்ன்: மகன் அப்பாவிடம் தங்கும் நாள் கூடியதால் சைல்டு சப்போர்ட் (பிரிந்த பின் பிள்ளைச் செலவுக்கு அவர் தரும் தொகை) குறைந்துவிட்டது. என்ன செய்வது?

டான்டினாங் அம்மா:
வணக்கம். இங்கே வந்து பதினான்கு மாதம் ஆகிறது. கணவரும் நானும் பிரிந்துவிட்டோம். மகன் அவரிடம் கூடுதல் நாள் தங்குகிறான் என்று தொகையைக் குறைத்து, இதைக் கணக்கிடும் அரசு அலுவலகமான சர்வீசஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து நேற்று கடிதம் வந்தது. அடுத்த வாடகையை எப்படிக் கட்டுவேன்? நேற்றிரவு தூக்கமே இல்லை. இதை நிறுத்த முடியுமா?

பரமட்டா அண்ணன்:
உடனே வக்கீலைப் பாருங்கள் தங்கச்சி. நான் வந்த புதிதில் ஜூலைக் குளிரில் ஒரு கராஜில் நான்கு மாதம் இருந்தேன், ஹீட்டர் கிடையாது. அப்போது வழி சொல்ல ஆளில்லை.

கோவை ராஜி:
பையனை அனுப்பாதீர்கள். அப்போதுதான் அவருக்குப் புரியும்.

யாழ் அக்கா:
ராஜி, அப்படிச் சொல்லாதீர்கள். பிள்ளைக்கு அப்பா வேண்டும், கோர்ட் உத்தரவு இருந்தால் அதை மீறியதாகவும் ஆகிவிடும். வக்கீலும் இப்போதைக்கு வேண்டாம். எனக்கு ஒரு வக்கீல் முதல் கூட்டத்துக்கே கேட்ட காசில் பிள்ளைகளுக்குக் குளிருடுப்பு வாங்கியிருக்கலாம்.

பரமட்டா அண்ணன்:
காசு போனாலும் நிம்மதி கிடைக்கும் அக்கா. வாடகையைத்தான் தாங்க முடியவில்லை, வருடா வருடம் ஏற்றுகிறார்கள்.

கோவை ராஜி:
ஊரில் என்றால் அம்மா வீட்டில் போய் இருந்திருக்கலாம். இங்கே கதவைத் தட்ட ஒரு வீடில்லை.

கிளேட்டன் செல்வி:
அவர் கேட்டதற்கு வருவோம். அம்மா, மூன்று விஷயம் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் மகன் அங்கே எத்தனை இரவு? கோர்ட் உத்தரவோ எழுத்து ஒப்பந்தமோ உண்டா? மகன் அவரிடம் இருப்பது எத்தனை சதவீதம் என்று கடிதத்தில் இருக்கிறது?

டான்டினாங் அம்மா:
உத்தரவு எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். முன்பு இரண்டு இரவு. நான் முதியோர் இல்லத்தில் நைட் ஷிப்ட் எடுத்த பிறகு ஐந்து இரவு. கடிதத்தில் அவருக்கு 42 சதவீதம். ஒரு இரவு பிசகினால் என்ன ஆகிவிடும்?

கிளேட்டன் செல்வி:
அந்த ஒரு இரவில்தான் எல்லாம் இருக்கிறது. பொதுவாக ஒரு வருடத்து இரவுகளைத்தான் எண்ணுவார்கள். அதில் 14 முதல் 34 சதவீத இரவுகள் வரை பிள்ளையை வைத்திருப்பவர் பிள்ளையின் செலவில் 24 சதவீதத்தைச் சுமப்பதாகக் கணக்கு. 35 ஆனால் 25, அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 2 கூடும். 48 முதல் 52 வரை பாதிப் பாதி.

இரண்டு வாரத்துக்கு ஐந்து இரவு என்றால் வருடத்துக்கு 130, அதாவது 35 சதவீதம். அவர் பங்கு 24-லிருந்து 25 ஆகும், அவ்வளவுதான். ஆறு இரவு என்றால் 156. அது 42 சதவீதம், பங்கு 39! உங்கள் இருவர் வருமானத்தில் அவருடைய பங்கு எத்தனை சதவீதமோ அதிலிருந்து இதைக் கழித்துத்தான் உங்களுக்கு வரவேண்டியதைப் போடுவார்கள். 42 என்று வந்திருப்பதால் யாரோ ஆறு இரவு என்று சொல்லியிருக்கிறார்கள்.

யாழ் அக்கா:
பள்ளி விடுமுறையில் நிறைய நாள் அங்கே இருந்தானா? வருடக் கணக்கில் அதுவும் சேரும்.

டான்டினாங் அம்மா:
ஜனவரியில் ஒரு வாரம் கூடுதலாக இருந்தான். இப்போது என் ரோஸ்டரை (ஷிப்ட் அட்டவணை) பார்த்தேன், மற்றபடி ஐந்தேதான்.

கிளேட்டன் செல்வி:
அந்த வாரத்தையும் மறைக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போதும் 42 வராது. கடிதம் கிடைத்த 28 நாளுக்குள் சர்வீசஸ் ஆஸ்திரேலியாவில் ஆட்சேபம் போடுங்கள். தாமதித்தால் ஜெயித்தாலும் பழைய நாள்களுக்குக் கிடைக்காமல் போகலாம். ரோஸ்டர், அவருக்கு அனுப்பிய மெசேஜ், பள்ளி முடிந்த பின் பிள்ளையை விடும் இடத்தின் பதிவு எல்லாம் சான்றாகும். ஆங்கிலத்தில் தயக்கம் இருந்தால் 131 450-க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், காசில்லை. ஆட்சேபமும் ஒத்துவராவிட்டால், அரசு முடிவுகளை மறுபடி ஆராயும் அட்மினிஸ்ட்ரேடிவ் ரிவியூ டிரிப்யூனல் இருக்கிறது.

அப்புறம், இனி தங்கும் நாள் மாறினால் நீங்களே 28 நாளுக்குள் சொல்லிவிடுங்கள். இன்றிரவு காலண்டரை எடுத்து மகன் எங்கே தூங்கினான் என்று ஒவ்வொரு நாளாகக் குறித்துவிட்டுப் படுங்கள்.