சுரு அவோகி: மௌனப்படக் காலத்து ஜப்பான் நடிகை பத்தி தெரிஞ்சவிய சொல்லுங்க

பாளை செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டைல காலேஜ் படிக்கேன், பழைய சினிமா பத்தி ஆளுக்கு ஒரு டாபிக் எடுத்துப் பேசணும்னு சொல்லிட்டாவ, நான் சுரு அவோகிய எடுத்துருக்கேன். 1910-கள்ல அமெரிக்காவுல மௌனப்படத்துல நடிச்சவிய. எங்க தேடுனாலும் மொத வரியே நடிகர் செஸ்ஸூ ஹயகவா பொண்டாட்டின்னுதான் ஆரம்பிக்கி, அது எனக்கு மனசுக்கு ஒப்பவே இல்ல. அவிய சொந்தமா பேரெடுத்தவியளா, இல்ல புருசனால வந்த வாய்ப்பா? இன்னொன்னு, 1914 படத்து விளம்பரத்துல அவிய ஜப்பான்ல இருக்க சகுராஜிமா தீவு எரிமலைல சொந்தபந்தத்தப் பறிகொடுத்தவியன்னு போட்டுருந்தாவளாம், அது நெசமா?

வண்ணாரப்பேட்டை ராஜன்:
தங்கச்சி நல்ல டாபிக் எடுத்துருக்க. ஒன் மொத கேள்விக்கு நேரா பதில் சொல்லுதேன், புருசனால இல்ல. அவிய 1913-லயே கேமரா முன்னால நின்னுட்டாவ, ஹயகவா சினிமாவுக்கு வந்தது அதுக்குப் பொறவுதான். அந்தாளு லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஜப்பான்காரங்க இருக்க பகுதியில நாடகம் போட்டுக்கிட்டு இருந்தாரு, தயாரிப்பாளர் தாமஸ் இன்ஸ் கண்ணுல அவரு படுறதுக்கு சுருதான் காரணம்னு சொல்லுவாவ. ரெண்டு பேருக்கும் கல்யாணம் 1914 மே 1. அதனால யாரு கையப் புடிச்சு யாரு உள்ள வந்தாவன்னு நீயே பாத்துக்க.

எரிமலை விசயம் நெசம் இல்ல. சகுராஜிமா வெடிச்சது உண்மை, 1914 ஜனவரி 12, அந்த எரிமலைக் கொழம்பு ஓடி தீவையே பக்கத்து நிலத்தோட சேத்து வச்சிருச்சு, அம்புட்டுப் பெரிய வெடிப்பு. அந்தச் சேதி சூடா இருக்கும்போதே இன்ஸ் கம்பெனி 'தி ராத் ஆஃப் தி காட்ஸ்'னு படம் எடுத்து ஜூன் மாசமே வெளியிட்டுட்டாவ, ஜப்பான் கிராமத்த கலிஃபோர்னியா கடற்கரை ஓரம் செட் போட்டு. படம் ஓடணும்லா, அதுக்காக நாயகி அந்தத் தீவுப் பொண்ணு, குடும்பத்தையே எழந்து அழுதுக்கிட்டு இருக்கான்னு பேப்பர்க்காரங்கட்ட சொல்லி விட்டாவ. ஆனா சுரு அமெரிக்காவுக்கு வந்தது 1899-ல, சின்னப் புள்ளையா. அவிய சித்தப்பா முறை ஒட்டோஜிரோ கவகாமி, சித்தி சடயாக்கோ, ரெண்டு பேரும் நாடகக் குழு வச்சு சான் ஃபிரான்சிஸ்கோ வந்தாவ, கைல இருந்த காசு போயி குழு தத்தளிச்ச நேரம், புள்ளைய அங்கன இருந்த தோஷியோ அவோகிங்கிற ஓவியர்ட்ட விட்டுட்டு ஊர் ஊரா போயிட்டாவ. அவோகிங்கிற பேரு அவரு பேருதான். இப்படி நெசமாவே சொந்தத்தப் பிரிஞ்சு வளந்த புள்ளைக்கு, அந்தக் கதைய விட்டுட்டு இல்லாத ஒரு கதைய ஒட்டுனாவ பாரு, அதுதான் எனக்குப் பொறுக்கல.

அதே படத்துல இன்னொன்னு கவனி. ஹயகவா அவியளுக்கு அப்பாவா தாடி ஒட்டி கெழவனா நடிச்சிருப்பாரு. நாயகன் ஒரு வெள்ளக்கார மாலுமி, ஃபிராங்க் போர்சேகி, பின்னால பெரிய டைரக்டர் ஆனாருல்லா அவரேதான். தாடி வச்சவரு நெஜத்துல அவிய புருசன்.

அம்பை முத்தையா:
ராஜன் தம்பி சொன்ன அந்த 1899 கதையப் படிச்சதும் எங்க தாத்தா ஞாவகம் வந்துட்டு. அவரும் சின்ன வயசுல நாடகக் கம்பெனில சேத்து விடப்பட்டவருதான், ஊரு ஊரா கம்பெனி வீட்டுலயே சாப்பாடு படுக்க எல்லாம், மீசை அரும்புத வரைக்கும் ஸ்த்ரீ பார்ட், தொண்டை ஒடைஞ்சதும் ராஜபார்ட்டும் கெடைக்கல. சங்கரதாஸ் சுவாமிகள் நம்ம தூத்துக்குடிப் பக்கத்துக்காருதான், அவிய 1918-ல மதுரையில பாய்ஸ் கம்பெனி ஆரம்பிச்ச காலம் பாருங்க, அதே சமயம் அங்கன சுரு அம்மா ஸ்டுடியோவுல கதாநாயகி. ஜப்பான்லயும் 1629-ல இருந்து கபுகிங்கிற அவிய பழைய நாடக மேடைல பொம்பளையளுக்குத் தடை, ஆம்பளையதான் பொம்பள வேசம் கட்டுனாவ, அப்படிப்பட்ட ஊர்ல சடயாக்கோ மேடை ஏறி 1900-ல பாரீஸ் கண்காட்சில பேர் வாங்குனாவ. சித்தி அப்படின்னா புள்ளைக்கு ரத்தத்துலயே இருந்திருக்கும். செல்வி, சடயாக்கோவ விட்டுறாத தாயி.

தென்காசி நூருன்:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்லுதேன். பேர் வாங்குனாவ சரி, ஆனா கெடைச்ச வேசம் என்னன்னு பாக்கணும்லா. கிமோனோ, அடங்கிப் போற பொண்ணு, இல்லன்னா தியாகம் பண்ணிச் சாவுற பொண்ணு, திரும்பத் திரும்ப அதான். 1913-ல கலிஃபோர்னியால ஜப்பான்காரங்க நெலம் வாங்கக் கூடாதுன்னு சட்டம், வெள்ளக்காரங்களும் அவங்களும் கல்யாணம் முடிக்கவும் தடை, அந்தத் தடை 1948-லதான் செல்லாமப் போச்சு. திரையில மாலுமிய கட்டிக்கிட்டு கப்பல் ஏறுத பொண்ணு வெளிய வந்தா அந்தச் சட்டத்துக்குக் கீழதான் வாழணும். அப்படியும் 1920-ல யுனிவர்சல் கம்பெனி அவியள மட்டும் நம்பி 'தி ப்ரெத் ஆஃப் தி காட்ஸ்', 'எ டோக்கியோ சைரன்' ரெண்டும் எடுத்துருக்கு, ஹயகவா அதுல கெடையாது. இத யாரும் சொல்லவே மாட்டாங்க, நீ கண்டிப்பா சொல்லு. சீன வம்சாவளி அமெரிக்க நடிகை ஆன்னா மே வோங் பேர எல்லாருக்கும் தெரியும், அவங்க நாயகியா நடிச்சது 1922-ல, சுரு அதுக்கு எட்டு வருசம் முந்தி.

பாளை செல்வி:
அண்ணாச்சி, அக்கா எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நெஜமாவே கண்ணு தொறந்த மாரி இருக்கு. கிளாஸ்ல அஞ்சு நிமிசம் படம் போட்டுக் காட்டலாம்னு சொல்லிருக்காவ, எதப் போடலாம்? அப்பறம் ஏன் நடிக்கறத விட்டாவ?

வண்ணாரப்பேட்டை ராஜன்:
'தி டிராகன் பெயிண்டர்' போடு. 1919, ஹயகவா சொந்தக் கம்பெனி ஹாவொர்த் எடுத்தது, யோசமிட்டி மலையிலதான் ஷூட்டிங். காணாமப் போச்சுன்னு நெனச்ச படம், ஃபிரான்ஸ்ல ஒரு பிரதி கெடைச்சு சரி பண்ணிட்டாவ, 2014-ல அமெரிக்க தேசியத் திரைப்படப் பட்டியல்லயும் சேத்துட்டாவ. ஓவியன் கல்யாணம் ஆன சந்தோசத்துல வரையவே மறந்துருவான், அவன் கலை திரும்ப வரணும்னு அவன் பொண்டாட்டி உமேகோ (சுருதான் அந்த வேசம்) தான் செத்துட்ட மாரி காட்டிட்டு மறைஞ்சிருவா. நீ கல்யாணத்துக்குப் பொறவு வர்ற இடத்துல இருந்து போடு. புருசன் சும்மா உக்காந்திருக்கத பாத்துக்கிட்டே அந்தப் பொண்ணு மனசுல முடிவு எடுக்கா, மத்த மௌனப்படம் மாரி கைய ஆட்டி நெஞ்சுல அடிக்கது எல்லாம் இருக்காது, மொகம் மட்டும்தான் பேசும். சத்தமா மியூசிக் வைக்காத.

விட்டதுக்குக் காரணம் பலது. 1920-கள் தொடக்கத்துல ஹாலிவுட்ட விட்டு வெளியேறிட்டாவ, ஃபிரான்ஸ்ல 'லா பத்தாய்' 1923-ல நடிச்சாவ, அடுத்த வருசம் லண்டன்ல ரெண்டு படம், அதோட சரி. பொறவு மூணு புள்ளையள வளத்தாவ, அதுல மூத்த பையன் ஹயகவாவுக்கு வேற ஒரு நடிகை மூலமா பொறந்தவன், அவனையும் தன் புள்ளையாவே எடுத்துக்கிட்டாவ. ஹயகவா 1937-ல ஃபிரான்ஸ் போயி யுத்தத்துல மாட்டிக்கிட்டாரு, அவிய ஜப்பான்ல தனியா புள்ளையளோட. நம்ம ஆளுங்களுக்கு ஹயகவாவ எப்படித் தெரியும்னா சிலோன்ல எடுத்த 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்'ல வர்ற கர்னல், அதுக்கு ஆஸ்கார் பரிந்துரையும் கெடைச்சுது. சுரு பேசி நடிச்சது ஒரே படம்தான், 'ஹெல் டு எடர்னிட்டி', 1960. அமெரிக்கப் பையன் ஒருத்தன எடுத்து வளக்குற ஜப்பான் அம்மா வேசம். மறு வருசம் அக்டோபர்ல டோக்கியோவுல காலமானாவ.

தென்காசி நூருன்:
செல்வி, நேரம் இருந்தா அந்த 1960 படத்துல அம்மா வர்ற காட்சியும் ஒன்னு சேத்துக்க. 'டிராகன் பெயிண்டர்'ல இருக்க, நாப்பத்தோரு வருசத்துக்கு முந்தின மொகத்தையும் அந்தக் கொரலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுனா, ஹயகவா பேர எடுக்காமலே பாதி நேரம் பேசலாம். பேச்ச 1899-ல இருந்து ஆரம்பி, 1914 கல்யாணத்துல இருந்து இல்ல.