மோப்பம் போன எலி குறைவாகத் தின்றதா?

நேர்க்கோடு: மூக்கு அடைத்தால் சோறு ருசிக்காது, ருசிக்காவிட்டால் குறைவாகத் தின்போம், இளைப்போம். 2017ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்து நிரூபித்ததும் இதைத்தானே? இதற்கு எதற்கு இவ்வளவு ஆரவாரம்?

கூண்டுக்காரன்: தலைப்பை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுத வந்துவிடுகிறீர்கள். அந்த எலிகள் குறைவாகத் தின்னவே இல்லை ஐயா. மோப்ப நரம்புகளை அழித்த எலியும் சாதாரண எலியும் கொழுப்புத் தீனியை ஒரே அளவில்தான் தின்றன. சாதாரண எலி 60 கிராம் வரை ஊதியது, மோப்பம் போனது 33ஐத் தாண்டவில்லை. ஆய்வின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

நேர்க்கோடு: ஒரே அளவு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எலி கடித்துத் துருவிக் கீழே தள்ளும், கொழுப்புத் தீனி சும்மாவே உதிரும். தட்டில் குறைந்ததெல்லாம் வயிற்றுக்குப் போனதாகக் கணக்கா?

கூண்டுக்காரன்: எலிக்கூண்டு கழுவியே கை தேய்ந்தவனுக்கு உதிரலைப் பற்றிப் பாடமா! சிந்தினால் இரண்டு கூட்டமும்தான் சிந்தும். மூக்கு போனது மட்டும் வேண்டுமென்றே சிந்துமா? சரி, சிந்தியதாகவே இருக்கட்டும். உடம்பை உசுப்பும் பரிவு நரம்புகள் முடுக்கப்பட்டு, அவை சுரக்கும் நோரட்ரினலின் ஏறி, சூடு உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு எரிய ஆரம்பித்ததே, அதையும் தரையில் கிடந்த தூள்தான் செய்ததா?

மழைக்காகம்: இடையில் ஒன்று. அதே ஆய்வில் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சி ஹார்மோனை வாங்கும் ஏற்பியை மோப்ப நரம்பில் நீக்கி மோப்பத்தைக் கூட்டிய எலிகள் குண்டாயின. ஆனால் 2004ல் ஃபாடூல் என்ற ஆய்வாளரின் குழு, நரம்பில் பொட்டாசியம் போகும் வழியை அமைக்கும் கேவி 1.3 மரபணுவை நீக்கிய எலிகளுக்கு மோப்பம் ஆயிரம் மடங்குக்கு மேல் கூர்மை, அவை ஒல்லி. எதை நம்புவது?

கூண்டுக்காரன்: அதில் மரபணு உடம்பு முழுக்க நீக்கப்பட்டது, இதில் மோப்ப நரம்பில் மட்டும். இரண்டையும் ஒரே தராசில் வைப்பவரிடம் என்ன பேச?

மழைக்காகம்: அந்த ஒல்லி எலிகளின் மோப்பக் குமிழை, அதாவது மூளையில் வாசனையை வாங்கும் பகுதியை, எடுத்ததும் கொழுப்புத் தீனியில் அவையும் பருத்தன, 2012ல் வந்தது. உடம்பு முழுக்க என்ற சாக்கு அங்கேயே செத்துவிட்டது. பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோனைப் பற்றிய பழைய விவாதத்திலும் இப்படித்தான், ஆய்வாளர் கோல்மன் பெயரைச் சொன்னதற்கே என்னைக் கடித்துக் குதறினீர்கள்.

கூண்டுக்காரன்: லெப்டின் மரபணுவை 1994ல் பிரித்தெடுத்தது ஃப்ரீட்மன். கோல்மன் எலிகளின் ரத்த ஓட்டத்தை இணைத்துக் காட்டியது அதற்கு வெகு முன்பு, அதை நான் எங்கே மறுத்தேன்? மறுத்ததாக நீங்களே கதை கட்டி, நீங்களே கோபித்துக்கொண்டு போனீர்கள். அன்றைக்கு இதே நேர்க்கோடுதான் உங்களுக்குக் கைதட்டினார் என்பதும் மறக்கவில்லை.

நேர்க்கோடு: என்னை எதற்கு இழுக்கிறீர்கள்? நான் கேட்டது தூளைப் பற்றி. எடை போட்டார்களா?

கூண்டுக்காரன்: மறுபடியும் தூளா! எடை பாதியாகும் அளவுக்குத் தூள் சிந்தினால் கூண்டில் எலி நிற்க இடம் இருக்காது, சும்மா கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நேர்க்கோடு: கணக்கை நீங்கள் போடுங்கள், சொன்னது நீங்கள்தானே.